சைக்கிளுக்கு ஜிபிஎஸ் வாங்கப் போறீங்களா: போனா, மலிவு மீட்டரா, கார்மினா, வோச்சா?

சைக்கிள் ஓடத் தொடங்கி ரெண்டு மூணு மாசம் போனாப் போதும், ஜிபிஎஸ் மீட்டர் வாங்கிற வருத்தம் ஆளப் புடிச்சிரும். களுவாஞ்சிக்குடில இருந்து ஒரு தம்பி கேக்கிறான் போன் காணாதா அண்ணன் எண்டு. அக்கரைப்பத்துல ஒரு அக்கா கேக்கிறா, மகன் கார்மின் கம்பெனி மீட்டர்தான் வேணும் எண்டு ஒற்றக்கால்ல நிக்கிறான், சீனாச் சாமான் ஒண்டு போதுமா தம்பி எண்டு. இன்னொருத்தருக்கு மச்சான் வெளிநாட்டுல இருந்து வாறாராம், மொடல் பேரச் சொல்லு எண்டு நெருக்குறாராம். யூடியூப்ல பாத்தா எல்லாம் மலை ஏறி இறங்குற குளிர் நாட்டுக்காரன் செய்த ரிவியூ, அவனுக்குப் பெரிய விசயமா இரிக்கிற பாதி நமக்கு விசயமே இல்ல, நமக்குப் பெரிய விசயமா இரிக்கிறத அவன் கதைக்கிறதே இல்ல.

என்ட கட்சி என்னெண்டா, ஓடின கணக்கு எந்த ஃபைலா எங்க போய்ச் சேரும் எண்டத முதல்ல முடிவெடுங்க, மறுகா பெட்டிய வாங்குங்க. பெட்டி அஞ்சாறு வருசத்துல செத்துரும், பற்றரி ஊதும், ஸ்கிரீன் மங்கும். ஃபைல் ஒழுங்கா கிடந்தா கிடக்கும்.

## எத வச்சு நிறுக்கிற

முதலாவது வெயில். கச்சான் காத்து அடிக்கிற வைகாசி, ஆனி, ஆடில பகல்ல 33, 35 டிகிரி இஞ்ச மட்டக்களப்புப் பக்கம் சாதாரணம், அதுவும் நிழல்ல அளந்த கணக்கு, ஹாண்டில்ல நேர வெயில்ல கிடக்கிற கறுப்புச் சாமான் அதவிட எவ்வளவோ கூடச் சுடும். ஐபோனப் பாவிக்கலாம் எண்டு அப்பிள் சொல்லுற வெப்பம் 0 தொடக்கம் 35 டிகிரி மட்டும்தான். கார்மின் எட்ஜ் மாதிரிச் சாமான் 60 டிகிரி வரைக்கும் எண்டு செஞ்சது. ஸ்கிரீனும் வேற சாதி. போன் ஸ்கிரீன் உள்ளுக்க இருந்து வெளிச்சம் அடிச்சு வெயிலோட போட்டி போடுறது, சூடு ஏறினா அதுவா மங்கவும் தொடங்கிரும். மீட்டர் கனக்கத்துல இரிக்கிறது வாற வெளிச்சத்தயே திருப்பி அனுப்புற ஸ்கிரீன், வெயில் கூடக் கூடத் தெளிவாத் தெரியும், பற்றரியும் குடிக்காது. புதுசா வாற விலை கூடின மொடல் சிலதுல போன் மாதிரிப் பளிச்செண்ட ஸ்கிரீன் போடுறாங்க, கடைக்குள்ள பாக்க வடிவா இரிக்கும், அவ்வளவுதான் சொல்லுவன்.

ரெண்டாவது தண்ணியும் உப்பும். ஐபிஎக்ஸ்7 எண்டு பெட்டில எழுதியிரிக்கும், அதுக்கு அர்த்தம் நல்ல தண்ணில 1 மீட்டர் ஆழத்துல 30 நிமிசம் தாங்கும் எண்டது, புதுசா இரிக்கக்குள்ள. கடல் தண்ணி, வேர்வ, கல்லடி காத்தான்குடி கடற்கரைக் காத்துல வாற உப்பு இதுகளப் பத்தி அதுல ஒரு கதையும் இல்ல. மாரி மழை மீட்டரக் கொல்லுறது குறைவு, சாஜ் போடுற ஓட்டைக்குள்ள காயாத வேர்வையோட வயரக் குத்துறதுதான் கொல்லுது. என்ன வாங்கினாலும் ஓடி வந்தா நல்ல தண்ணியால துடைச்சு, ஓட்டை காஞ்சாப் பிறகு சாஜ் போடுங்க.

மூணாவது ஏத்தம், இதக் கொஞ்சம் விரிவாச் சொல்லணும், ஏனெண்டா ஆக்கள் கூடக் காசு குடுக்கிறதே இதுக்குத்தான். விலை கூடின மீட்டருக்குள்ள காத்தழுத்தம் அளக்கிற சென்சர் இரிக்கும், அழுத்தம் குறைஞ்சா உயரம் கூடிட்டு எண்டு அது கணக்குப் போடும், ஏறத்தாழ 1 ஹெக்டோபாஸ்கல் (காத்தழுத்தம் அளக்கிற அலகு) குறைஞ்சா 8 மீட்டர் ஏறின மாதிரி. மலைநாட்டுல இது அருமையான சாமான். நம்மட்ட என்ன நடக்குதெண்டா, வெப்ப வலய நாடுகள்ல காத்தழுத்தம் ஒரு நாளைக்கு ரெண்டு தரம் தானா ஏறி இறங்கும், காலமை 10 மணி போல உச்சம், பின்னேரம் 4 மணி போல கீழ, அந்த வித்தியாசமே 2, 3 ஹெக்டோபாஸ்கல் வரும். அப்ப நீங்க காலமை புறப்பட்டு பின்னேரம் வரைக்கும் ஆரையம்பதி, கல்முனை, நிந்தவூர் எண்டு மேசை மாதிரித் தட்டையான ரோட்டுல ஓடினாலும் மீட்டர் 20 மீட்டர் போல ஏறினதாக் காட்டும், காரணம் நீங்க இல்ல, வானம். சென்சர் ஓட்டையில மழைத்துளி அடைச்சா அதுவும் ஒரு மலை. சென்சர் இல்லாத போன், மலிவு மீட்டருக்கு, ஓடினதப் பதிஞ்சு பகிர்ற ஸ்ட்ராவா ஆப் தன்ட உயர மேப்ப வச்சுக் கணக்குப் போடும், அந்த மேப்பும் சில மீட்டர் பிழை விடக் கூடினது, வாவிக்கரையில அந்தச் சில மீட்டரே மலையாத் தெரியும். மட்டக்களப்புக்குள்ள உண்மையான ஏத்தம் எண்டு சொன்னா கல்லடிப் பாலம்தான். அதுக்காக ஒரு லட்சம் குடுக்கணுமா எண்டு யோசிங்க. செங்கலடிச் சந்தியால கிறுகி மகாஓயா, பிபிலை, லுணுகலை, பசறை எண்டு பதுளைக்கு ஏறுற ஆளெண்டா கதை வேற, கீழ சொல்லுறன்.

நாலாவது சட்டலைட். 2000 மே மாசம் அமெரிக்கா ஜிபிஎஸ்ஸுக்கு வேணுமெண்டே வச்சிருந்த பிழைய எடுத்தாப் பிறகு, திறந்த வானத்துல சாதாரணச் சாமானே சில மீட்டருக்குள்ள சரியாச் சொல்லும். இப்ப ரெண்டு அலைவரிசை புடிக்கிற மொடலெண்டு கூட விலைக்கு விக்கிறாங்க, அது உயரக் கட்டடத்துக்கு நடுவுல, மலை இடுக்குல, அடர்ந்த காட்டுக்குள்ள உதவும். வயல்வெளி, வாவிக்கரை, கடற்கரை ஓடுற நமக்கு எல்லாப் பக்கமும் வானம்தான் கிடக்கு, அதுக்கெண்டு தனியாக் காசு குடுக்கத் தேவயில்ல. ஒண்டு மட்டும் பழகுங்க, போனோட கன நாள் சேக்காத மீட்டர் சட்டலைட்டப் புடிக்க நேரம் எடுக்கும், ஒரு சட்டலைட் தான் எங்க நிக்கிறன் எண்டத சொல்லி முடிக்கவே 30 செக்கன், எல்லாச் சட்டலைட் கணக்கும் முழுசா இறங்க 12.5 நிமிசம். டயருக்குக் காத்தடிக்கிற நேரமே அத வெளிய வச்சிட்டா சரி.

அஞ்சாவது ஃபைல் உங்கட கைக்கு வருமா எண்டது. ஆறாவது மறைஞ்ச செலவு. ரெண்டையும் ஒவ்வொரு சாமானோடயும் சேத்துப் பாப்பம்.

## கையில இரிக்கிற போன்

தொடங்குற எல்லாருக்கும் நான் முதல்ல சொல்லுறது இதத்தான், காசு போகாது. ஸ்ட்ராவா இலவசக் கணக்கு ஓடினதப் பதியும், ரைட் வித் ஜிபிஎஸ் ஆப்பும் பதியும், ஓஸ்ம்அண்ட் எண்ட மேப் ஆப் போட்டா மேப்ப போனுக்கே இறக்கி வச்சு டேட்டா இல்லாமலே வழியும் பாக்கலாம், ஓடினத ஜிபிஎக்ஸ் (ஓடின கோட்டப் பதிஞ்சு வைக்கிற) ஃபைலா உங்கட போனுக்குள்ளயே வச்சிரும், எந்தக் கம்பெனிட்டயும் கேக்கத் தேவயில்ல. சிக்னல் இல்லாத இடத்துல ஜிபிஎஸ் வேல செய்யாது எண்டு இன்னும் ஆக்கள் நினைக்கிறாங்க, அது பிழை, ஜிபிஎஸ்ஸுக்கு சிம்மே தேவயில்ல, வானம் மட்டும் காணும்.

பிரச்சின எங்கெண்டா ஹாண்டில்ல கட்டுறதுல. வெயில்ல ஸ்கிரீன எரியவிட்டா ரெண்டு மூணு மணித்தியாலத்துல பற்றரி இறங்கி போன் கொதிச்சு தானா மங்கி, கடைசில அவசரத்துக்கு வீட்டுக்கு ஒரு கோல் எடுக்கவும் ஏலாமப் போயிரும், அதுதான் உண்மையான செலவு. நல்ல கெமரா உள்ள போனெண்டா இன்னொண்டு, கெமராக்குள்ள ஆட்டத்த அடக்குற சின்னப் பொறி இரிக்கு, கடும் அதிர்ச்சி தொடர்ந்து பட்டா அது பழுதாகலாம் எண்டு 2021 இல அப்பிளே சொன்னது, அவங்க சொன்னது மோட்டச் சைக்கிளுக்கு, ஆனா வாவிக்கு அங்கால படுவான்கரையில கிறவல் ரோட்டுல ஓடுறவங்களும் யோசிக்கலாம்.

அதால போன முதுகுப் பொக்கற்றுக்குள்ள, ஒரு பொலித்தீன் பையில சுத்தி, ஸ்கிரீன அணைச்சு வச்சிட்டு ஓடுங்க. பதியும், சூடாகாது, பற்றரியும் தாராளமா நிக்கும். சில அண்ட்ரொய்ட் போன் பற்றரிய மிச்சம் புடிக்கிறன் எண்டு பின்னால ஓடுற ஆப்ப நடுவழில கொன்டுரும், வீட்ட வந்து பாத்தா ஏறாவூரோட கோடு நிண்டிரிக்கும், செட்டிங்குக்குப் போய் அந்த ஆப்புக்கு பற்றரிக் கட்டுப்பாட்ட எடுத்து விடுங்க. எங்க நிக்கிறீங்க எண்டு வீட்டாக்களுக்குத் தெரியணுமெண்டா வட்ஸ்அப் லைவ் லொக்கேசன் 8 மணித்தியாலம் வரைக்கும் போகும், அதுக்கு மட்டும் டேட்டா வேணும்.

ஓடக்குள்ள வேகம் பாக்கத் தேவயில்ல, வீட்ட வந்து எவ்வளவு தூரம் எண்டு பாத்தாக் காணும் எண்ட ஆளுக்கு இதுக்கு மேல ஒண்டும் வேணாம். நெஞ்சுத் துடிப்பு, பவர் (பெடல் மிதிக்கிற சக்தி) எண்டு கண்ணுக்கு முன்னால நம்பர் வேணுமெண்டாத்தான் கீழ வாங்க.

## சில்லுக்குக் காந்தம் கட்டுற பழைய மீட்டர்

இதையும் விட்டுறக் கூடா. சில்லுக் கம்பில ஒரு காந்தம், ஹாண்டில்ல சின்ன மீட்டர், காசு மாதிரி வட்டப் பற்றரி ஒண்டு போட்டா மாசக்கணக்கா நிக்கும், வெயிலுக்கும் கூடப் பயமில்ல. வேகம், தூரம், நேரம், அவ்வளவுதான். ஃபைலே இல்ல, அதால ஃபைல் பிரச்சினையும் இல்ல. சில்லுச் சுற்றளவ மட்டும் சரியாப் போடணும், 700க்கு 25 டயர் எண்டா 2105 மில்லிமீட்டர், லுமாலா மாதிரிப் பெரிய சில்லுச் சைக்கிளெண்டா அட்டவணையத் தேடாம நிலத்துல ஒரு கோடு போட்டு, காத்தடிக்கிற வால்வ அதுல வச்சு ஒரு சுத்து உருட்டி அளந்து போடுங்க. வேலைக்கும் கடைக்கும் ஓடுற ஐயாமாருக்கு நான் இதத்தான் சொல்லுவன்.

## மலிவு ஜிபிஎஸ் மீட்டர்

எக்ஸ்ஓஎஸ்எஸ், கூஸ்போ, மாஜீன், சைக்பிளஸ், ஐஜிபிஸ்போர்ட் எண்டு சீனாவுல இருந்து வாறதுகளும், தாய்வான் ப்ரைட்டனும் இந்தக் கூட்டம். சாதாரண மொடல் வெளி விலையில 30 தொடக்கம் 60 டொலருக்குள்ள, கோடு காட்டி வழி சொல்லுற ஐஜிபிஸ்போர்ட் பிஎஸ்சி200 மாதிரி ஒண்டு 100 டொலருக்குக் கிட்ட. டொலர 300 ரூபா எண்டு பெருக்கிட்டு தபாலையும் வரியையும் மேல வைங்க, அத யார் கட்டுற, விக்கிறவனா நீங்களா எண்டத ஓடர் போட முதல் பாருங்க, சாமான் மலிவா இருந்து வாசலுக்கு வரக்குள்ள ஒண்டரை மடங்கானதக் கண்ட ஆக்கள் இரிக்காங்க.

நம்மட ஊருக்கு இந்தக் கூட்டம்தான் பொருத்தம் எண்டு நான் நம்புறன், மலிவு எண்டதால மட்டும் இல்ல. வெயில்ல தெரியிற ஸ்கிரீன், 20 மணித்தியாலத்துக்கு மேல எண்டு சொல்லுற பற்றரி (சொல்லுறதுல பாதி நிண்டாலே பாசிக்குடா போய்க் குளிச்சுத் திரும்பி வந்து அடுத்த கிழமையும் ஓடலாம்), நெஞ்சுப்பட்டி, பெடல் சென்சர் எல்லாம் சேரும், கன மொடல் பவர் மீட்டரையும் புடிக்கும். மேப் இல்ல, ஆனா கடல் பக்கம் எழுவான்கரையில மேப் எதுக்கு, கல்லாறு, கல்முனை, காரைதீவு, அக்கரைப்பத்து, பொத்துவில் வரைக்கும் ஒரே ரோட்டு, இடப்பக்கம் கடல் இரிக்கிற வரைக்கும் தெக்க போறீங்க, வலப்பக்கம் வந்தா வீட்ட போறீங்க. படுவான்கரைக்குள்ள, வவுணதீவு, கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளி, உன்னிச்சைப் பக்கம் வாய்க்கால் ரோட்டுகள் பிரியிற இடத்துலதான் வழி வேணும், அங்க முதலே போட்டு வச்ச ஜிபிஎக்ஸ் கோட்ட ஸ்கிரீன்ல புடிச்சிட்டுப் போறதே காணும், கோட்ட விட்டு விலகினா கத்தும்.

இனிக் குறை. ஒண்டு, ஆப். சாமானுக்கு ஒரு ஆப், அது எக்கவுண்ட் கேக்கும், லொக்கேசன் கேக்கும், கொண்டக்ட் லிஸ்ட் கேட்டாலும் ஆச்சரியப்பட வேணாம், வேணாததுக்கு இல்லையெண்டு குடுங்க. ரெண்டு, இதுதான் முக்கியம், கன மொடல யூஎஸ்பில போட்டா பென்ட்ரைவ் மாதிரித் திறந்து உள்ளுக்க ஃபிட் ஃபைல் (மீட்டர் ஓட்டத்த எழுதி வைக்கிற ஃபைல்) வரிசையாக் கிடக்கும், சில மொடல் அப்பிடித் திறக்காது, ஆப் வழியா மட்டும்தான் வெளிய விடும். பின்னத்தத வாங்காதீங்க, எவ்வளவு மலிவெண்டாலும். அந்த ஆப் ப்ளே ஸ்டோர்ல இருந்து ஒரு நாள் காணாமப் போனா உங்கட மீட்டர் வெறும் மணிக்கூடுதான். மூணு, பழுதானாத் திருத்த இஞ்ச ஆளில்ல, திருப்பி அனுப்புற செலவுக்குப் புதுசே வாங்கலாம். அதையும் விலையில சேத்துத்தான் நான் பாக்கிறன். ரெண்டு மூணு வருசத்துக்கு ஒண்டு எண்டு வச்சாலும் கீழ சொல்லப் போறதுகளவிடக் குறைவு.

## கார்மின், வாஹூ, கரூ

கார்மின் எட்ஜ் 540 2023 இல வரக்குள்ள 350 டொலர், தொட்டுப் பாவிக்கிற 840 அதவிட 100 கூட, எட்ஜ் 1050 2024 இல 700 டொலர். வாஹூ போல்ட் ரெண்டாவது மொடல் 2021 இல 280 டொலருக்கு வந்தது. ஹாமர்ஹெட் எண்ட கம்பெனிட கரூ இன்னொண்டு, அந்தக் கம்பெனிய 2022 இல ஸ்ராம் எண்ட சைக்கிள் சாமான் கம்பெனி வாங்கிட்டு. 540 ஒண்டே வரி, தபால் ஒண்டும் சேக்காம ஒரு லட்சத்தத் தாண்டும், நம்மட பக்கம் கனக்கப் பேர்ட சைக்கிளவிட மீட்டர் விலை கூட எண்டது இதுல பகிடியான விசயம்.

காசுக்கு என்ன கிடைக்கும்? முழு மேப், வழி தவறினாத் தானா வேற வழி போடுறது, பயிற்சி அட்டவணை, ஏத்தம் எவ்வளவு மிச்சம் எண்டு முன்கூட்டிக் காட்டுறது. பதுளை ஏறுற ஆளுக்குக் கடைசிச் சங்கதி பெறுமதியானது, பிபிலை தாண்டினாப் பிறகு அந்த வளைவுக்கு அங்கால இன்னும் எவ்வளவு எண்டு தெரிஞ்சா காலுக்குச் சக்திய மிச்சம் புடிக்கலாம், காத்தழுத்த சென்சரும் அங்கதான் தன்ட வேலையச் செய்யும். பவர் மீட்டர் வச்சு ரேசுக்குப் பயிற்சி எடுக்கிற பொடியனுகளுக்கும் சரி. பின்னால வாற வாகனத்த 140 மீட்டர் வரைக்கும் உணர்ந்து சொல்லுற கார்மின் ராடர் விளக்கு இரிக்கே, பொத்துவில் ரோட்டுல பஸ்சும் டிப்பரும் உரசிட்டுப் போற நேரத்துல அது நல்ல சாமான், ஆனா அதுக்கு கார்மின் மீட்டர்தான் வேணும் எண்டில்ல, வேற கம்பெனி மொடல் சிலதும் அதோட சேரும், வாங்க முதல் பாருங்க.

மறைஞ்ச செலவு. வாங்கின நாட்டு மேப் உள்ளுக்க இரிக்கும், இலங்கை மேப் இல்லாம இருக்கலாம். ஆக்கள் சேந்து வரையிற ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்ல இருந்து இலங்கைய கார்மினுக்கேத்த மாதிரி இலவசமாச் செஞ்சு எடுக்கலாம், காசு குடுக்காதீங்க. கார்மின் 2025 இல கார்மின் கனெக்ட் ப்ளஸ் எண்டு மாசச் சந்தாவும் தொடங்கிட்டு, கட்டாட்டியும் ஓடினதெல்லாம் பதியும், இறங்கும், அதால அத நான் கணக்குல எடுக்கிறதில்ல. களவு போற பயம் ஒண்டு இரிக்கு, தேத்தண்ணிக் கடையில சைக்கிள விட்டுட்டுப் போகக்குள்ள ஒவ்வொரு தரமும் கழட்டிப் பொக்கற்றுக்குள்ள போடணும். மச்சான் வெளிநாட்டுல இருந்து கொண்டு வாறதெண்டா பில்லையும் வாங்கி வைங்க, வாறண்டி வாங்கின நாட்டோட சேந்தது, பழுதானா அவர் அடுத்த தரம் போகக்குள்ளதான்.

தட்டை ரோட்டுல மட்டும் ஓடுற, ரேஸ் ஓடாத ஆளுக்கு இது வேணாம் எண்டு நேர சொல்லிருவன். ஆசைக்கு வாங்கிறதெண்டா அது வேற கதை, ஆசைக்கு என்னட்ட கணக்கில்ல.

## கைக்கட்டு வோச்

ஏற்கனவே ஜிபிஎஸ் வோச் இரிக்கிற ஆளெண்டா மீட்டரே வாங்காம இத வச்சுச் சமாளிக்கலாம், ஓட்டம், நீச்சல் எல்லாத்துக்கும் ஒண்டுதான். ஓடக்குள்ள கையக் கிறுக்கிப் பாக்கிறதுதான் ஆபத்து, அதுக்கு வோச்ச ஹாண்டில்ல கட்டினா மணிக்கட்டுத் துடிப்பு போயிரும், நெஞ்சுப்பட்டி வாங்கணும். மலிவு வோச் சிலதுல ஜிபிஎஸ் எண்டு போட்டிரிக்கும், உண்மையில போன்ட ஜிபிஎஸ்ஸக் கடன் வாங்கிற சாமான், போன வீட்ட வச்சிட்டு ஓடினா கோடு வராது. ஃபைல் வெளிய எடுக்க விடுமா எண்டதும் வோச்சுக்கு வோச் மாறும், ஆப்புக்குள்ள ஏற்றுமதி எண்டு ஒண்டு இரிக்கா எண்டு முதல்ல தேடுங்க.

## பழசு வாங்கலாமா

பழைய எட்ஜ் மலிவா வந்தா ஆசைதான். பற்றரி எவ்வளவு நிக்குதெண்டு கேக்கிறதோட நிக்காம, வெளிய வச்சு ஒன் பண்ணி திகதி சரியா எண்டு பாருங்க. ஜிபிஎஸ் கிழமைக் கணக்கு 1024 கிழமைக்கு ஒருக்கா பூச்சியத்துக்குத் திரும்பும், கடைசியாத் திரும்பினது 2019 ஏப்ரல் 6, அதுக்குப் பிறகு சில பழைய சாமானுகள் ஓடினத இருபது வருசம் முந்தின திகதில பதியும். முன்னாள் சொந்தக்காரர்ட எக்கவுண்ட்ல இருந்து அத எடுத்து விட்டாரா எண்டதையும் கேளுங்க. சாஜ் ஓட்டையில பச்சை பிடிச்சிருந்தா, தொடவே வேணாம்.

## ஓடின கணக்க எங்க வைக்கிற

இதுக்கு மூணு வழி, கம்பெனிட ஆப், ஸ்ட்ராவா, உங்கட சொந்த ஃபோல்டர்.

கம்பெனிட ஆப் லேசு, வீட்ட வந்து போனக் கிட்டக் கொண்டு போனாத் தானா ஏறிரும். ஆனா 2020 ஜூலை 23 கார்மின்ட சேர்வர வைரஸ் போட்டு முடக்கி நாலஞ்சு நாளா உலகம் முழுக்க ஒருத்தருக்கும் ஓடினது ஏறல. அந்த நேரம் தப்பினது யாரெண்டா மீட்டர யூஎஸ்பில குத்தி ஃபிட் ஃபைலக் கையால எடுக்கத் தெரிஞ்ச ஆக்கள்தான். என்டொமொண்டோ எண்டு ஒரு ஆப் இருந்தது, அது 2020 டிசம்பர் 31 ஓட ஒரேயடியா மூடிட்டு, எடுத்து வைக்காத ஆக்கள்ட பழைய ஓட்டமெல்லாம் போன இடம் தெரியா. எவ்வளவு பெரிய கம்பெனி எண்டு பாத்து இதுல நம்பிக்கை வைக்கேலா.

ஸ்ட்ராவா கூட்டுக்காரருக்காக வேணும், கைதட்டு இல்லாம ஓட மனம் வராத ஆக்கள் இரிக்கத்தான் செய்றாங்க, அதுல பிழையில்ல. ஆனா அங்க விதி மாறிட்டே இரிக்கும், 2020 மே மாசம் முழு ரேங்க் பட்டியலையும் வழி போடுறதையும் சந்தாக்குள்ள தள்ளிட்டாங்க, 2024 நவம்பர்ல வேற ஆப்புகள் உங்கட ஸ்ட்ராவா டேட்டாவ இன்னொருத்தருக்குக் காட்டக் கூடாதெண்டு புது விதி போட்டு, பயிற்சியாளருக்குக் காட்டுற ஆப்புகள் எல்லாம் தடுமாறிப் போச்சு. அதால மத்த ஆப்புகள ஸ்ட்ராவா வழியாக் கொழுவாதீங்க. இன்டர்வல்ஸ் ஐசியு மாதிரி ஓடின கணக்க அலசிப் பாக்கிற இலவச இடத்துக்கு கார்மின், வாஹூல இருந்து நேர கொழுவலாம், இல்லாட்டி ஃபைலக் கையால ஏத்தலாம். கொம்பியூட்டர் இரிக்கிற ஆளெண்டா கோல்டன் சீட்டா எண்ட மென்பொருள் இலவசம், எல்லாம் உங்கட டிஸ்க்குக்குள்ளயே கிடக்கும், பாக்கத்தான் ஒரு மாதிரி இரிக்கும்.

சொந்த ஃபோல்டர் எண்டது நான் கட்டாயம் எண்டு சொல்லுறது, மத்த ரெண்டோடயும் சேத்து. எந்த ஃபைல வைக்கிற எண்டதுல ஒரு விசயம் இரிக்கு. மீட்டர் எழுதுறது ஃபிட், அதுல இடம், துடிப்பு, பெடல் சுத்து, பவர், வெப்பம், லாப் எல்லாம் செக்கனுக்கு செக்கன் கிடக்கும், ஒரு மணித்தியாலத்துக்கு 3,600 வரி, ஆனாலும் ஃபைல் சின்னது. ஜிபிஎக்ஸ் எல்லா ஆப்பும் வாசிக்கும், எழுத்தாத் திறந்தும் பாக்கலாம், ஆனா அது இடத்துக்கும் நேரத்துக்கும் உயரத்துக்கும் எண்டு செஞ்ச சாமான், மத்ததெல்லாம் ஒட்டுப் போட்டுத்தான் வரும், மாத்தக்குள்ள பவர், லாப் கழண்டு விழலாம், ஃபைலும் பல மடங்கு பெருக்கும். டிசிஎக்ஸ் நடுவுல ஒண்டு, பழசு. அதால ஃபிட்ட அப்பிடியே வைங்க, யாருக்கும் வழி குடுக்கிறதெண்டா மட்டும் ஜிபிஎக்ஸ் செய்ங்க. ஃபிட்டுல இருந்து ஜிபிஎக்ஸ் எப்பவும் எடுக்கலாம், ஜிபிஎக்ஸ்ல இருந்து முழு ஃபிட்டத் திரும்ப எடுக்கேலா.

ஸ்ட்ராவாவுல இருந்து எடுக்கிறதெண்டா போன் ஆப்ல தேடாதீங்க, பிரவுசர்ல திறந்து அந்த ஓட்டத்துல மூல ஃபைல ஏற்றுமதி எண்டதக் குடுக்கணும். மொத்தமா வேணுமெண்டா எக்கவுண்ட் செட்டிங்ல எல்லாத்தையும் கேட்டா ஈமெயிலுக்கு லிங்க் வரும். அந்தப் பட்டன் எக்கவுண்ட அழிக்கிற பக்கத்துலயே இரிக்கும், நிதானமா வாசிச்சு அமத்துங்க.

நேரக் கணக்குல ஒரு பொறி. ஜிபிஎக்ஸுக்குள்ள நேரம் கிரீன்விச் கணக்கு, நாம அதுக்கு அஞ்சரை மணித்தியாலம் முன்னால. வெயிலுக்குப் பயந்து காலமை அஞ்சு மணிக்குப் புறப்படுற ஆக்கள்தானே நாம, அப்ப அந்த ஃபைலுக்குள்ள திகதி முதல் நாள் ராத்திரி 11.30 எண்டு கிடக்கும், ஞாயிறு ஓடினது சனியாத் தெரியும். அதால ஃபோல்டர்ல போடக்குள்ள நம்மட திகதியையும் இடத்தையும் பேரா வைங்க, 2025-06-15 வாகரை எண்ட மாதிரி.

## வீட்டு வாசல் யாருக்கும் தெரியாம

ஸ்ட்ராவா உலகம் முழுக்க ஆக்கள் ஓடின கோடுகள ஒரே மேப்பா வெளியிட்டு, 2018 ஜனவரில அதுல ராணுவ முகாமுகளுக்குள்ள ஓடின கோடுகளே பளிச்செண்டு தெரிஞ்ச கதை பேப்பர்ல எல்லாம் வந்தது. முகாமுக்கே அப்பிடியெண்டா நம்மட ஒழுங்கைக்கு எப்பிடி எண்டு யோசிங்க. கோடு எங்க தொடங்கி எங்க முடியுதோ அதுதான் வீடு, எத்தின மணிக்கு வீட்டுல ஆளில்ல எண்டதும் அதுலயே இரிக்கு. தனிய ஓடுற தங்கச்சிமாருக்கு இது முதல் வேலையாச் செய்ய வேண்டினது. ஸ்ட்ராவா செட்டிங்ல தொடக்கத்தையும் முடிவையும் 1.6 கிமீ வரைக்கும் மறைக்கலாம், முழுக் கோட்டையும் கூட மறைக்கலாம், பாக்கக் கூடினது பின்தொடர்றவங்க மட்டும் எண்டு போடலாம். கம்பெனி ஆப்லயும் தனியாப் போடணும், ஒரு இடத்துல மறைச்சது மத்த இடத்துல மறையாது. வட்ஸ்அப் குறூப்ல ஜிபிஎக்ஸ் அனுப்பினா அதுல ஒண்டும் மறையாது, முதல் ஒரு கிலோமீட்டர வெட்டிட்டு அனுப்புங்க.

பகிரத்தான் வேணும் எண்டா நல்ல இடம் ஒண்டு இரிக்கு. இந்த இலவச மேப் எல்லாம் நிக்கிறது ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்புல, உலக வங்கி திட்டம் ஒண்டுல மண்முனை வடக்குப் பிரிவுல மட்டும் ஏறத்தாழ 30,000 கட்டடம் அதுல வரைஞ்சிரிக்கு, ஆனா வாவிக்கு அங்கால வாய்க்கால் ரோட்டுகள் கொஞ்சம் இன்னும் வெறுமையாத்தான் கிடக்கு. வெட்டின ஜிபிஎக்ஸ்ஸ அங்க ஏத்தி, அந்தக் கோட்டுக்கு மேல ரோட்ட வரைஞ்சு, கிறவலா தாரா எண்டும் போட்டு விட்டீங்களெண்டா அடுத்த மாரில அந்தப் பக்கம் போறவன்ட மீட்டர்ல அது வரும்.